செவ்வாய்க்கிழமை விதை ஆய்வு

குமரவேல் தன் ஐம்பத்தேழு வயதுக்குள் யாரையும் ஏமாற்றியதில்லை. பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷனுக்கு ஏமாற்றத் தெரியாது, அவ்வளவுதான். ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இரண்டு லேத் மெஷின்களை வைத்துக்கொண்டு பின், புஷ், ஷாஃப்ட் என்று கடைந்து கொடுக்கிறவர். ஒரு தலைமுடி அளவு கூடிப்போனாலும் துண்டைக் கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்பேர்ப்பட்ட ஆள் மோசடிக்காரர் என்று சர்க்கார் பலகையில் பேர் எழுதப்பட்டு நிற்கிறார் என்றால், அதற்கு வனமீட்பு நேரடி விதைப்பு இயக்ககம் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஷயம் ஒரு ஏக்கர் பத்து குண்டா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் நிலம். அல்வாலைத் தாண்டி உள்ளே போகவேண்டும். குமரவேலின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டையரானபோது வாங்கிப்போட்டது. அதைப் பன்னிரண்டு வருடம் புல்தரை வளர்க்கிற ஒருவனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கல்யாண மண்டபங்களுக்குப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தப் புல். அவன் ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் புல்லோடு ஒரு விரற்கடை மண்ணும் போயிற்று. பன்னிரண்டு வருடத்தில் மேல்மண் முழுவதும் ஊரார் கல்யாணங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் கிடந்தது சிவப்புச் சரளையும், பின்பக்கம் யானை உயரத்துக்கு ஒரு பாறையும்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. மூன்று வருடம் பயிரில்லாமல் கிடக்கிற விளைநிலம் நில வங்கிக்குப் போய்விடும். போகக்கூடாது என்றால் இயக்ககத்தில் பதிவு செய்து, அந்த மண்ணுக்குரிய பழைய காட்டை விதை போட்டு மீட்டுக் காட்டவேண்டும்.

"நாம காடே போட்டுக்கலாங்க" என்றாள் பானு. குமரவேலின் மனைவி. "நர்சரி செடி ரெண்டு வாட்டி வெச்சோம், மே மாசத்துல மொத்தமும் கருகிப்போச்சு. பையில வளந்தது வேரச் சுருட்டி வெச்சுக்கினு வருது, பாவம், எறங்கத் தெரியல. வெதையா போட்டா மொதல்ல வேரத்தான் உள்ள அனுப்பும். அப்பறந்தான் தல தூக்கும்."

பானு சொன்னால் சொன்னதுதான். லோத்குண்டாவில் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய ரோட்டில் காலையில் நடக்கப் போகிறவள், மரத்தடியில் குனிந்து குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். கொன்றை, வாகை, புரசு, புங்கை, வேம்பு, ஆச்சா. காவலுக்கு நின்ற சிப்பாய் அவளை இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னான். கொன்றை விதைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "ஜாயியே மாஜி" என்று அனுப்பினான். பின்னால் நடந்த கூத்துக்களையெல்லாம் பார்த்தபிறகு, அந்தச் சிப்பாயைப்போல நியாயஸ்தன் உலகத்தில் உண்டா என்று பானுவுக்குத் தோன்றியது.

இயக்ககத்தின் துணை இயக்குநர் வரதராஜன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். 'நம்ம ஆள், சுளுவா முடிஞ்சிடும்' என்று நம்பித்தான் குமரவேல் போனார். வரதராஜன் விதை மூட்டையைத் தொடவில்லை. பேனா முனையால் விலக்கிப் பார்த்தார்.

"மிஸ்டர் குமரவேல், செடி நடுகிறவனை நான் நம்புவேன். செடி வெளியே தெரிகிறது, போட்டோ எடுக்கலாம். விதை போடுகிறவன் என்ன செய்கிறான்? பொருளை மண்ணுக்குள் ஒளித்துவிட்டு, 'இருக்கிறது, நம்புங்கள்' என்கிறான். உலகத்தில் எல்லா மோசடியும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது."

"சார், வெதைய உள்ளதான சார் போடணும்?"

"அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார் வரதராஜன், பக்கத்தில் எழுதிக்கொண்டே.

அடுத்தது பூர்வீகச் சான்று. விதை இந்த மண்ணைச் சேர்ந்தது என்று நிரூபிக்கவேண்டும். தாய்மரம் ஏழு வருடமாவது இதே மாவட்டத்தில் வசித்ததற்கு அத்தாட்சி, இரண்டு சாட்சிக் கையெழுத்து, மரத்தின் பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டு. பானு லோத்குண்டாவுக்குப் போய் மரங்களை நிற்கவைத்துப் படம் எடுத்து வந்தாள். மரங்கள் நின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு புரச மரத்தின் இரண்டு படங்களில் ஒன்றில் பூ இருந்தது, ஒன்றில் இல்லை. 'ஆள் வேறு' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு புரசுக்காக இருபத்தாறு நாள் அலைந்தார் குமரவேல். போன ஜென்மத்துப் பாவமெல்லாம் கழிந்திருக்கும்.

ஒருவழியாக ஜூனில் மழை விழுந்தது. முன்பக்கம் நானூறு குழி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய ஆப்பு. கொன்றை விதைக்குத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் வருஷக்கணக்கில் தூங்கும். குமரவேல் பட்டறையிலிருந்து உப்புத்தாளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு விதையையும் ஒரு ஓரத்தில் மட்டும் அளவாகத் தேய்த்தார். நாற்பது வருடம் இரும்பைத் தேய்த்த கை. விதை தேய்க்கும்போது வந்த சந்தோஷம் அதில் ஒரு நாளும் வந்ததில்லை என்று பானுவிடம் வெட்கமில்லாமல் சொன்னார்.

முதல் செவ்வாய்க்கிழமை கள ஆய்வாளர் வாசு வந்து சேர்ந்தான். கையில் ஒரு குத்துக் கரண்டி, கக்கத்தில் நானூறு பக்கப் பதிவேடு. மோட்டார் சைக்கிளை நிறுத்தியவன் நேராக முதல் ஆப்புக்குப் போய்க் குழியைத் தோண்ட ஆரம்பித்தான்.

"ஏய், ஏய், இன்னா பண்றே?"

"இருப்பு சரிபார்ப்பு, அண்ணா. விதை உள்ளே இருக்கா இல்லையான்னு பாக்கணும்."

"நேத்துதானேப்பா போட்டோம்!"

"ஹவ் அண்ணா, ஆமா, அதான் இன்னைக்குப் பாக்கறது. அடுத்த செவ்வாயும் வருவேன். எல்லாச் செவ்வாயும் வருவேன்."

"வெதைய வாராவாரம் நோண்டிப் பாத்தா அது எப்படிப்பா மொளைக்கும்?"

வாசு நல்ல பையன்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "மொளைக்கிறது வேற செக்‌ஷன் அண்ணா. நான் இருப்பு மட்டும்தான்."

அந்தப் பதிவேட்டைப் பானு பின்னால் ஒரு நாள் வாங்கிப் படித்தாள். முதல் வாரம்: 'விதை உள்ளது. ஓரம் சிராய்க்கப்பட்டுள்ளது. சந்தேகம்.' இரண்டாம் வாரம்: 'விதை உள்ளது. வெள்ளையாக வால் போன்ற ஒன்று காணப்படுகிறது. பதிவில் இல்லாத பொருள்.' மூன்றாம் வாரம்: 'வால் ஒடிந்துள்ளது. யார் ஒடித்தது என்று தெரியவில்லை.' நாலாம் வாரம்: 'விதை அழுகியுள்ளது. பயனாளியின் அலட்சியம்.' நானூறு குழிக்கும் இதே கதை.

அக்டோபரில் நோட்டீஸ் வந்தது. முளைப்பு: பூஜ்யம். நிலத்தை ஏன் நில வங்கியில் சேர்க்கக்கூடாது? சேர்த்தால் அங்கே என்ன வரும் என்பதும் அடியில் போட்டிருந்தது: நேரடி விதைப்புக்கான உயர் பயிற்சி மையம், தரைத்தளம் மற்றும் இரண்டு மாடி, வாகனம் நிறுத்துமிடத்துடன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை இதுதான். குமரவேல் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வருட அவகாசம் வாங்கி வந்தார். கடைசி அவகாசம் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "வித்துத் தொலைச்சிடலாம் பானு. எனக்கு இந்த ஆளுங்களப் பாத்தாலே பயமாயிருக்குது. நான் எதோ தப்புப் பண்ணிட்ட மாதிரியே பாக்குறாங்க. பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

பானு தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. அவுங்களுக்கு ஆப்பு இருந்தாத்தான கண்ணு தெரியுது? ஆப்பில்லாம போடுவோம்."

அடுத்த ஜூனில் முன்பக்கம் வழக்கம்போல நானூறு குழி தோண்டி, நானூறு ஆப்பு அடித்து, வாசுவுக்குச் செவ்வாய்க்கிழமைத் தீனி வைத்தாயிற்று. பாறைக்குப் பின்னால் குழியுமில்லை, ஆப்புமில்லை. சரளையைக் கீறிவிட்டு, பானு முறத்தில் விதையை அள்ளி வீசிக்கொண்டே போனாள். குமரவேல் பின்னாலேயே முள்கிளையை இழுத்து மண்ணை மூடிக்கொண்டு போனார். பயம் அவருக்கு. சொந்த நிலத்தில் விதை வீசும்போது ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பதினெட்டாம் நாள் முதல் வாகை தலை தூக்கியது. பிறகு சோற்றுப்பானையில் கொதி வருகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டே இருந்தன. பானு ஞாயிறுதோறும் எண்ணுவாள். அடுத்த மே மாத வெயிலில் இலை எல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றபோது அவள் அழுதுவிட்டாள். ஜூனில் இரண்டு மழை விழுந்ததும் குச்சிகளில் முக்கால்வாசி துளிர்த்தன. முந்நூற்று நாற்பது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் ஹைதராபாத் மே மாதத்தைத் தாண்டிய செடியை இனி எமன்கூட அசைக்க முடியாது என்று பானு சொன்னாள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஆரோக்கியசாமி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் இயக்ககத்தில் பதிவு செய்து அல்லாடிக்கொண்டிருந்தார். பானு அவருக்கும் ஒரு படி விதை கொடுத்து ரகசியத்தையும் சொல்லியிருந்தாள். அவருடைய கிணற்றடிச் சரிவிலும் ஆப்பில்லாத காடு ஒன்று வளர்ந்தது.

வாசு பார்த்துவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை பாறை நிழலில் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றான். குமரவேலுக்கு உயிரே போய்விட்டது.

"நல்லா வந்திருக்கு அண்ணா" என்றான் வாசு, மெதுவாக.

"எழுதிடாதப்பா."

"நக்கோ அண்ணா, எழுதமாட்டேன். ஆப்பு நம்பர் இல்லாததுக்கு ஃபார்ம்ல கட்டமே கிடையாது. எதுக்கு எழுதணும்?"

ஜூலையில் இறுதி ஆய்வு. வரதராஜனே நேரில் வருகிறார் என்று ஷாமியானா போட்டார்கள், மைக் வைத்தார்கள். பாக்கியிருந்த குழிகளில் பாதி ஷாமியானாக் கம்பம் நடப் பயன்பட்டது. கூட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் மைக்செட்டுக்காரர்கள். வரதராஜன் அதற்காகக் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"காடு வளர்ப்பது எளிது. காக்கைகூட வளர்க்கிறது. காட்டின் மீது கண்காணிப்பு வளர்ப்பதுதான் கடினம். எங்கள் இயக்ககம் இதுவரை எத்தனை மரம் வளர்த்தது என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் எத்தனை மோசடியைப் பிடித்தோம் என்று கேளுங்கள்! பதினொன்று! நர்சரிச் செடியை வாங்கி நட்டுவிட்டு, விதை போட்டேன் என்று ஏமாற்றிய பதினொரு பேர். அந்தப் பதினொரு இடத்திலும் ஒவ்வொரு செடியும் வழக்குச் சொத்து. சர்க்கார் செலவில் வேலி, காவல். ஒரு இலையைக் கிள்ள எவனையும் விடமாட்டோம். ஏழு வருடமாக விசாரணை நடக்கிறது. முடிந்துவிடும் என்று யாரும் கனவு காணவேண்டாம்!"

மைக்செட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

பேச்சு முடிந்தது. மூன்று டம்ளர் மோர் குடித்திருந்த வரதராஜன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனார். போனவர் ஒதுங்காமலே திரும்பி வந்தார்.

"குமரவேல்! அங்கே என்ன பச்சையாக?"

பானுதான் முன்னால் வந்தாள். "நாங்க போட்ட வெதைதாங்க சார். எல்லாம் நேரடியா வெதைச்சு வந்தது. முந்நூத்தி நாப்பது இருக்குது."

"விதை போட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"மொளைச்சிருக்குதே சார்."

"அம்மா, முளைத்திருப்பதுதான் சந்தேகத்துக்கே காரணம். முன்பக்கம் எங்கள் கண்ணெதிரில் போட்ட நானூறில் ஒன்று முளைக்கவில்லை. எங்கள் கண்ணில் படாத இடத்தில் மட்டும் முந்நூற்று நாற்பதா?" வரதராஜன் விரல் சொடுக்கினார். "நேர்வேர் சோதனை! பையில் வளர்ந்த நர்சரிச் செடி என்றால் வேர் சுருண்டிருக்கும். விதையிலிருந்து வந்தது என்றால் வேர் நேராக இருக்கும். வாசு, கடப்பாரை!"

"அய்யோ, சார்!" என்று குமரவேல் ஓடுவதற்குள் முதல் ஆச்சாக் கன்று வெளியே வந்துவிட்டது. வாசு அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தான். ஒரு சாண் செடிக்கு ஒன்றரை முழ வேர், ஈட்டிக் கம்பு மாதிரி நேராக இருந்தது. நுனி எங்கோ கீழே அறுந்து போயிருந்தது. வாசுவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வரதராஜன் முகம் மலர்ந்தது. "நேர்வேர்! அசல்! வாழ்த்துக்கள் குமரவேல், ஒன்று தேறிவிட்டது. இன்னும் முந்நூற்று முப்பத்தொன்பது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டால் இன்றைக்கே சான்றிதழ்."

"பிடுங்கிட்டா காடு எங்க சார் இருக்கும்?"

"சான்றிதழில் இருக்கும். லேமினேட் செய்து தருகிறோம்."

"சந்தேகம்னா இப்படியே வுட்டுட்டுப் போயிடுங்க சார். சான்றிதழே வேணாம்."

"சான்றிதழ் இல்லை என்றால் நில வங்கி. நாளை மறுநாள் புல்டோசர் வரும்" என்றார் வரதராஜன். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

பானு குமரவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசு இரண்டாவது கன்றின் அடியில் கடப்பாரையை வைத்துவிட்டுக் குத்தாமல் நின்றான். அது வாகை. பதினெட்டாம் நாள் முதலில் தலை தூக்கியது. குமரவேல் அந்தக் கடப்பாரை முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம், வேலி, காவல், ஒரு இலையைக் கிள்ள விடமாட்டோம். மைக்கில் கேட்டதெல்லாம் அவர் காதில் மறுபடி ஓடியது. நாற்பது வருடமாக அளவு தவறாத மனுஷன் இன்னொரு கையைத் தூக்கினார்.

"சார். நிறுத்துங்க. நான் ஏமாத்திட்டேன்."

"என்ன?"

"நர்சரி செடிதான் சார். ரோட்டுல தள்ளுவண்டில வித்தாங்க. வாங்கியாந்து நட்டேன். எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. அவ வெதைன்னு நம்பிக்கினு இருக்குது."

பானு வாயைத் திறந்தாள். குமரவேல் அவள் விரலை நசுக்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வரதராஜன் அவரையே உற்றுப் பார்த்தார். "முதல் செடிக்கு நேர்வேர் இருந்ததே?"

பொய்யில் குமரவேலுக்கு அனுபவம் போதாது. ஆனால் வரதராஜனுக்கு அனுபவம் நிறைய இருந்தது.

"புரிந்துவிட்டது! எங்களைத் திசைதிருப்ப ஒன்றை மட்டும் நிஜமாக விதைத்திருக்கிறாய். அடப்பாவி, என்ன மூளை! இதில் உனக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"லாபமில்லாத மோசடி!" வரதராஜன் குரல் தழுதழுத்தது. "அதுதான் ஆபத்திலும் ஆபத்து. வாசு, கடப்பாரையை எடு! செடியைத் தொடாதே! எல்லாம் வழக்குச் சொத்து!"

வாசு கடப்பாரையைத் தூக்கி எறிந்த வேகத்தில் அது ஷாமியானாவைத் தாண்டி விழுந்தது. குமரவேல் ஏமாற்றியதாகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் தரும்போது அவருக்குப் போடுவதற்காக வாங்கிவந்த மாலையை, பன்னிரண்டாவது மோசடியைப் பிடித்ததற்காக வரதராஜனுக்கே போட்டார்கள். படம் எடுக்கும்போது குமரவேலையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

ஒரே வாரத்தில் ஆளுயர முள்கம்பி வேலி வந்தது. ஆட்டையும் மாட்டையும் விரட்ட விசிலோடு ஒரு காவலாளி வந்தார். வழக்கு நடக்கும்வரை நில வங்கி அந்தப் பக்கமே தலை வைக்க முடியாது என்று உத்தரவு. பயிற்சி மையத்தை வேறு யார் தலையிலோ கட்டப் போய்விட்டார்கள். வாசலில் பலகை: 'வழக்குச் சொத்து. உள்ளே நுழையாதே. மோசடியாளர்: ஆ. குமரவேல், பாலாநகர்.' முதல் நாள் பானு அந்தப் பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பேர் கெட்டுப்போன வேகத்தைச் சொல்ல வேண்டாம். இருபது வருட வாடிக்கைக்காரர் பத்ரி, கடைந்த பின்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர், அந்த மாதம் சட்டைப் பையிலிருந்து சொந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பின்னாக அளந்தார். குமரவேலின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் பத்ரி இரண்டாம் முறை அளந்தார். அது குமரவேலுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே நின்று இரண்டு பேரும் எண்ணினார்கள். முந்நூற்று முப்பத்தொன்பதும் இருந்தன. வாகை ஒன்று வேலியின் அடிக்கம்பிக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் ஆரோக்கியசாமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பாவம், ஆள் பாதியாக இளைத்திருந்தார். காவலாளிக்குக் கேட்காத தூரத்துக்குக் குமரவேலைத் தள்ளிக்கொண்டு போனார்.

"வேலு, சனிக்கிழமை எனக்கு இறுதி ஆய்வு. கிணத்தடிச் சரிவுல இருநூத்துச் சொச்சம் நிக்குது. போன வாரந்தான் கொன்றை நாலு இலை விட்டுது. கடப்பாரையோட வருவானுங்க." பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். "நான் மாதா கோயிலுக்குப் போறவன், வேலு. நாப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல. எப்படி எழுதணும்னு தெரியல. நீ சொல்லேன்."

குமரவேல் ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"மேல உங்க பேர எழுதுங்க. அதுக்குக் கீழ, 'நான் ஏமாத்திட்டேன்'னு எழுதுங்க. அந்த எடத்துல கை நின்னுடும். விடாதீங்க, ஆரோக்கியசாமி. அடுத்த வரி தானா வந்துடும்."